சுவர் ஏன் வெடிக்குது? பூசுறதுக்கு முன்னால காரணத்தைக் கேட்போம்

(அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் குழுப் பிரதிநிதிகள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமா இந்தக் கூட்டத்துல சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் திருப்பம் இதைப் பத்தித்தான் பேசுவோம். இன்னைக்குச் சுவர் விரிசலைப் பத்திப் பேசப் போறோம். "இது கொத்தனார் வேலையாச்சே, நமக்கு எதுக்கு?" என்று சிலர் நினைக்கலாம். நம்ம குழுக்களில் வீடு பராமரிப்புக்கு என்று கேட்டு வருகிற கடன் மனுக்களை எடுத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் "சுவர் வெடிப்பு, பூச்சு வேலை" என்றுதான் எழுதியிருக்கும். அந்தப் பணம் சுவரில் நிற்கிறதா, மண்ணோடு போகிறதா என்று நாம் திரும்பிப் பார்த்ததே இல்லை.

அப்படிப் பார்க்காமல் விட்டதில் எங்களுக்கும் பங்கு உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

ஒரு வீட்டின் கதை

திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமம். உறுப்பினர் பெயர் வேண்டாம், அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறோம். வீட்டுக்காரர் நூற்பாலை வேலை. இவர் காட்டு வேலை, வேலை இல்லாத நாளில் கரிமூட்டம். சிறுகச் சிறுகச் சேர்த்து ஒரு தளம் போட்ட வீடு கட்டினார்கள். கட்டிக் கொடுத்தவர் இவருடைய சொந்த அண்ணன், கொத்தனார்.

மூன்றாம் வருஷம் தென்மேற்கு மூலையில் வெளிச்சுவர் வெடித்தது. சன்னல் மூலையில் ஆரம்பித்து சாய்வாக மேலே ஏறிய வெடிப்பு. வீட்டில் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். "உன் அண்ணன் சிமெண்டைக் குறைச்சுட்டான்" என்றார் வீட்டுக்காரர். "மருமக வந்த நேரம்" என்றார் மாமியார். வாசல் வைத்த திசை சரியில்லை என்று ஒருவர் சொல்ல, நல்லா இருந்த வாசலை அடைத்து வேறு பக்கம் திறந்தார்கள். அதற்கே ஒரு செலவு. அண்ணன் வீட்டோடு பேச்சுவார்த்தை நின்றது. மகள் சடங்குக்குக்கூடத் தாய்மாமனை முறையாக அழைக்கவில்லை.

சடங்குக்கு முன்னால் வீடு நன்றாகத் தெரிய வேண்டும் என்று குழுவில் 15,000 ரூபாய் கடன் கேட்டார். எங்கள் களப்பணியாளர் போய்ப் பார்த்து, "வீடு பராமரிப்பு, கடன் கொடுக்கலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தை மாதம் பூசி வெள்ளையடித்தார்கள். பார்க்க அழகாக இருந்தது. ஆனி மாதம் அதே இடத்தில், அதே கோட்டில் சுவர் திரும்ப வெடித்தது. கடனில் பாதிகூட அப்போது கட்டி முடிக்கவில்லை.

"இல்லாத சுவருக்கு வட்டி கட்டிக்கிட்டு இருக்கேன்" என்று அவர் சொன்னபோது எங்களுக்குப் பதில் இல்லை. கடன் தரலாமா என்று பார்க்கப் போன நாங்கள், விரிசல் ஏன் வந்தது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் பொறியாளர்களிடமும் வயதான கொத்தனார்களிடமும் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டோம். அந்தப் பாடத்தைத்தான் இப்போது உங்களிடம் சொல்கிறோம்.

நம்ம மண்ணின் குணம்

கரிசல் மண்ணைப் பத்தி உங்களுக்கு நாங்கள் சொல்லித்தரத் தேவையில்லை. மழை பெய்தால் காலில் அப்பிக்கொண்டு செருப்பைப் பிடுங்கும். கோடையில் பாளம் பாளமாக வெடித்து, கையை விட்டால் முழங்கை வரை போகும். பருத்திக்கும் சோளத்துக்கும் நல்ல மண். மழை நின்ற பிறகும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால்தான் நம்ம முன்னோர்கள் மானாவாரியில் பிழைத்தார்கள்.

காட்டுக்கு வரமான அந்தக் குணமே வீட்டுக்குச் சோதனை. கரிசலில் இருக்கிற களிமண்ணில் ஒரு வகைக்கு மாண்ட்மோரில்லனைட் என்று பெயர். அது புத்தகத்தின் தாள் மாதிரி மெல்லிய அடுக்குகளாக இருக்கும். தண்ணீர் அந்த அடுக்குகளுக்கு நடுவில் புகுந்தால் மண் உப்பும். காய்ந்தால் சுருங்கும். காட்டில் கையை விடுகிற அளவுக்கு வெடிக்கிற மண், வீட்டுக்கு அடியில் மட்டும் சும்மா இருக்குமா?

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மண் முழுவதும் ஒரே அளவில் உப்பி, ஒரே அளவில் சுருங்கினால் வீடு மொத்தமாக ஏறி மொத்தமாக இறங்கும். அவ்வளவாகச் சேதம் வராது. ஒரு மூலை எப்போதும் ஈரம், இன்னொரு மூலை எப்போதும் காய்ச்சல் என்று இருந்தால்தான் வீடு முறுக்கிக்கொள்கிறது. கட்டிலின் ஒரு காலை மட்டும் பள்ளத்தில் வைத்த மாதிரி.

வீட்டுக்கு நடுவில், தரைக்கு அடியில் இருக்கிற மண்ணுக்கு வெயிலும் இல்லை, மழையும் இல்லை. அது பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். வெளிச்சுவருக்கு அடியில் இருக்கிற மண்தான் கோடையில் முதலில் காயும், மழையில் முதலில் நனையும். அதனால்தான் உள்சுவரைவிட வெளிச்சுவர் அதிகம் வெடிக்கிறது.

நம்ம பாட்டி காலத்து மண்சுவர், கூரை வீடு வெடிக்கவில்லையா? வெடித்தது. ஆனால் மண்சுவர் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், கூரையும் கனமில்லை. வருஷம் ஒரு தடவை பொங்கலுக்கு முன்னால் மண்ணும் சாணியும் குழைத்துப் பூசி, சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள். பெண்கள்தான் அந்த வேலையைச் செய்தார்கள். செங்கல், சிமெண்ட், கான்கிரீட் தளம் வளைந்து கொடுக்காது. ஒரு அளவுக்கு மேல் இழுத்தால் வெடிக்கத்தான் செய்யும்.

இது நமக்கு மட்டும் வந்த கஷ்டமும் இல்லை. மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம் என்று கரிசல் இருக்கிற இடமெல்லாம் இந்தப் பிரச்சினை உண்டு. லண்டன் நகரமும் பெரும்பகுதி களிமண் மேல்தான் நிற்கிறது. 1976-ல் இங்கிலாந்தில் கடும் வறட்சி வந்தபோது, அங்கே களிமண் சுருங்கி ஏராளமான வீடுகள் வெடித்தன. அந்த ஊரில் யாரும் மருமகளைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறோம்.

உங்கள் மண்ணை நீங்களே சோதிக்கலாம்

நம்ம பகுதியில் எல்லா இடமும் கரிசல் இல்லை. செவல் இருக்கிறது, சரளை இருக்கிறது, கண்மாய்க் கரையில் வண்டல் இருக்கிறது. உங்கள் வீட்டு மண் உப்புகிற மண்தானா என்று பார்க்க ஒரு எளிய சோதனை. ஆய்வுக்கூடத்தில் அளவுக் குழாய் வைத்துச் செய்வதை நாம் கண்ணாடி டம்ளரில் செய்கிறோம்.

வீட்டு ஓரத்தில் ஒரு முழம் ஆழத்தில் மண் எடுங்கள். நன்றாகக் காயவைத்து, பொடித்து, மாவுச் சல்லடையில் சலியுங்கள். ஒரே மாதிரி இரண்டு கண்ணாடி டம்ளரில், இரண்டு ஸ்பூன் வீதம் சமமாகப் போடுங்கள். ஒன்றில் தண்ணீர், இன்னொன்றில் மண்ணெண்ணெய் ஊற்றிக் குச்சியால் கலக்கி ஒரு நாள் முழுவதும் அசைக்காமல் வையுங்கள். மண்ணெண்ணெயில் களிமண் உப்பாது. தண்ணீரில் உப்பும். மறுநாள் இரண்டிலும் படிந்த மண்ணின் உயரத்தை ஸ்கேலால் அளங்கள். மண்ணெண்ணெயில் 2 செ.மீ., தண்ணீரில் 3 செ.மீ. என்றால் பாதிக்குப் பாதி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். அது மிகவும் உப்புகிற மண். இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரம் என்றால் விரிசலுக்கு வேறு காரணத்தைத் தேட வேண்டும். மண்ணெண்ணெய் டம்ளரை அடுப்புப் பக்கமும் பிள்ளைகள் கைக்கு எட்டும்படியும் வைக்காதீர்கள்.

விரிசல் சொல்கிற சேதி

எல்லா விரிசலும் மண்ணால் வருவதில்லை. உடம்பு சூட்டுக்கு எத்தனை காரணம் இருக்கிறதோ, அப்படித்தான் சுவர் விரிசலுக்கும். விரிசல் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் போகிறது, எங்கே அகலம் என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

சிலந்தி வலை மாதிரி மெல்லிய கீறல்: இது பூச்சில் மட்டும் வருவது. சிமெண்ட் அதிகம் போட்டால் பலம் என்று நினைத்து அள்ளிப் போட்டிருப்பார்கள். அது காயும்போது சுருங்கி வெடிக்கும். வெளிப்பூச்சுக்கு ஒரு பங்கு சிமெண்டுக்கு ஐந்து பங்கு மணல் போதும். உச்சி வெயிலில் பூசியது, ஒரு வாரம் தண்ணீர் ஊற்றாமல் விட்டது, கிரஷர் தூசியை மணல் என்று போட்டது, இதெல்லாம் காரணம். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். டொப் டொப் என்று வெறுமையாகச் சத்தம் வந்தால் பூச்சு சுவரை விட்டுக் கழன்றிருக்கிறது. அந்த இடத்தை மட்டும் கொத்தி எடுத்துப் பூசினால் சரியாகும். வீட்டுக்கு ஆபத்து இல்லை.

தளத்துக்குக் கீழே படுக்கை வாக்கில் நீளமான கோடு: இது வெயில் செய்கிற வேலை. கான்கிரீட் தளம் சூட்டில் நீளும், இரவில் சுருங்கும். 20 அடி நீளத் தளம் 30 டிகிரி சூடு கூடினால் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர், ஒரு நாணயத்தின் கனம் நீளும். தளம் நகர, கீழே இருக்கிற சுவர் நகராமல் நிற்க, நடுவில் கோடு விழுகிறது. இதற்குச் சுவரைப் பூசிப் பயனில்லை, மேலே போய்ச் சூட்டைக் குறைக்க வேண்டும். தளத்தின் மேல் சுருக்கி போட்டு ஓடு பதிப்பது, முடியாவிட்டால் வருஷா வருஷம் வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது நல்லது. புதிதாகக் கட்டும்போது சுவர் உச்சியை வழவழப்பாகப் பூசி, தார் பேப்பர் விரித்துத் தளம் போட்டால் தளம் தன் பாட்டுக்கு நகர்ந்துகொள்ளும்.

பழைய சுவரும் புதுச் சுவரும் சேருமிடத்தில் நேர்க்கோடு: பின்னால் சேர்த்துக் கட்டிய அடுப்படி, குளியலறையில் பார்க்கலாம். பழைய அஸ்திவாரம் இறங்குகிற அளவு இறங்கி நின்றுவிட்டது. புது அஸ்திவாரம் இப்போதுதான் இறங்குகிறது. இரண்டும் பிரிவது இயற்கை.

தூண், பீம் பக்கத்தில் கோடு: கான்கிரீட்டும் செங்கல்லும் வெவ்வேறு அளவில் சுருங்கும். பூசும்போது இரண்டும் சேருமிடத்தில் கோழிவலை அடித்துப் பூசினால் குறையும்.

சன்ஷேடு, தளத்தின் அடியில் கம்பி போகிற வாக்கில் வெடிப்பு, பக்கத்தில் செங்காவிக் கறை: உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறது. இரும்பைவிடத் துரு பல மடங்கு இடம் பிடிக்கும். அது உள்ளே இருந்து தள்ளக் கான்கிரீட் சில்லுச் சில்லாக விழும். உவர்த் தண்ணீரில் கலவை போட்ட இடங்களில் இது சீக்கிரம் வரும். இதைத் தள்ளிப்போடாதீர்கள். சன்ஷேடுக்குக் கீழே பிள்ளைகளை உட்கார விடாதீர்கள்.

கதவு, சன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் போகிற வெடிப்பு, செங்கல் இடுக்கில் படிக்கட்டு மாதிரி ஏறுகிற வெடிப்பு: இதுதான் நாம் கவனிக்க வேண்டிய விரிசல். லிண்டல் போடாமல் விட்டிருந்தாலும், லிண்டல் சுவர் மேல் இரண்டு பக்கமும் அரை அடியாவது உட்காராமல் இருந்தாலும் வரும். அது சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் அஸ்திவாரம். வெடிப்பு மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருந்தால் சுவரின் ஓரம் இறங்குகிறது என்று புரிந்துகொள்ளலாம். கீழே அகலமாகவும் மேலே குறுகலாகவும் இருந்தால் நடுப்பகுதி இறங்குகிறது, அல்லது ஈரத்தில் ஓரங்கள் உப்பி எழும்புகின்றன.

இப்படி விரிசலை வகை பிரித்துப் பார்ப்பது எங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. இந்தியத் தர நிர்ணய நிறுவனம் 1984-லேயே கட்டட விரிசல்களின் காரணங்களுக்கும் தடுப்பு முறைக்கும் தனிக் கையேடு வெளியிட்டிருக்கிறது.

விரிசலுக்கும் ஒரு பாஸ்புக்

நாம் சேமிப்புக்குப் பாஸ்புக் வைத்திருக்கிறோம். விரிசலுக்கும் ஒரு நோட்டு போடுங்கள். பைசா செலவில்லை.

முதலில் விரிசல் முடிகிற இரண்டு நுனியிலும் பென்சிலால் சின்னக் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். அடுத்து, விரிசலுக்குக் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு முனையையும் சிமெண்டால் சுவரோடு ஒட்டுங்கள். பூச்சைச் சுரண்டிவிட்டுச் செங்கல்லோடு ஒட்ட வேண்டும். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். உடைந்தால் அந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். விரிசலின் அகலத்தைப் பங்குனி, ஆனி, புரட்டாசி, மார்கழி என்று நான்கு தடவை பார்த்து எழுதுங்கள். நகம் மட்டும் படுகிறதா, நாணயம் நுழைகிறதா, பென்சில் நுழைகிறதா என்று எழுதினாலே போதும்.

ஒரு வருஷம் ஓடினால் விரிசல் தன் கதையைச் சொல்லிவிடும். கண்ணாடி உடையவே இல்லை என்றால் அது செத்த விரிசல். தைரியமாக அடைக்கலாம். கோடையில் விரிந்து, ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு மூடிக்கொண்டால் அது மண்ணின் மூச்சு. மழையோ வெயிலோ, எப்போதும் விரிந்துகொண்டே போனால் அஸ்திவாரம் இறங்குகிறது, பொறியாளரைக் கூப்பிட வேண்டும்.

முதலில் சொன்ன வீட்டுக் கதையில் இருந்த முடிச்சு இங்கேதான் அவிழ்ந்தது. அவர்கள் தை மாதம் பூசினார்கள். அப்போதுதான் மழை முடிந்து, மண் உப்பி, விரிசல் மூடியிருந்தது. மூடின வாயைப் பூசிவிட்டு, சரியாகிவிட்டது என்று நினைத்தோம். ஆனியில் மண் காய்ந்ததும் வாய் திறந்தது. கொத்தனாரும் ஏமாற்றவில்லை, சிமெண்டும் ஏமாற்றவில்லை.

அந்த வீட்டில் என்ன கண்டோம்

அந்த உறுப்பினரும் நாங்களும் வீட்டைச் சுற்றி நடந்தோம். வடக்குப் பக்கம் அடுப்படி. பாத்திரம் கழுவுகிற தண்ணீர் சுவர் ஓரமாகவே விழுந்து, வருஷம் முழுக்கச் சொதசொதவென்று கிடந்தது. வெடிப்பு இருந்த தென்மேற்கு மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாது. மத்தியான வெயில் முழுக்க அங்கேதான். சுவரிலிருந்து ஆறடியில் ஒரு சீமைக்கருவேலம். வீடு கட்டும்போது முழங்கால் உயரம் இருந்ததாம், இப்போது சன்ஷேடுக்கு மேலே நிற்கிறது. வேர் சுவரை இடிக்க வேண்டும் என்றுகூட இல்லை. அடியில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சினாலே மண் சுருங்கி மூலை இறங்கும். ஒரு பக்கம் உப்பு, ஒரு பக்கம் சுருங்கு. வீடு என்ன செய்யும்?

அண்ணன் மேல் தப்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. மூன்றடிதான் வானம் தோண்டியிருந்தார், பிளிந்த் பீம் போடவில்லை. ஆனால் சிமெண்டைக் குறைத்தார் என்ற பழி பொய். இதை அவர் தங்கை நேரில் போய்ச் சொன்னார். பல மாதங்களுக்குப் பிறகு அண்ணன் அந்த வீட்டுக்கு வந்தார். வந்தவர் கையோடு மட்டக்கோலையும் கரண்டியையும் எடுத்துவந்தார்.

செய்தது மூன்று வேலை. அடுப்படித் தண்ணீரைக் குழாய் போட்டு 15 அடி தள்ளி வாழைக்குத் திருப்பினார்கள். சீமைக்கருவேலத்தை எடுத்தார்கள். வீட்டைச் சுற்றி மூன்றடி அகலத்துக்கு ஜல்லி, செங்கல் போட்டு, வெளிப்பக்கம் சாய்வாகச் சுற்றுத்தளம் போட்டார்கள். சுவர் ஓரத்து மண் சட்டென்று நனையாமலும் சட்டென்று காயாமலும் அது காக்கும். சுவரை அந்த வருஷம் தொடவே இல்லை. கண்ணாடி ஒட்டி நோட்டுப் போட்டார்கள். விரிசல் முழுவதும் நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டோம். அடுத்த ஆனியில் பழைய அளவுக்கு விரியவில்லை. நாணயம் நுழைந்த இடத்தில் நகம்தான் பட்டது. அதற்குப் பிறகுதான் விரிசலைக் கொத்தி அகலமாக்கி, தூசி தட்டி, கொஞ்சம் அசைவைத் தாங்குகிற விரிசல் பசையை வைத்து அடைத்தார்கள். மொத்தச் செலவு முதலில் பூசிய செலவைவிடக் குறைவு.

ஒரு எச்சரிக்கை. மரம் என்றாலே வெட்டு என்று கிளம்பிவிடாதீர்கள். வீட்டுக்கு முன்பிருந்தே நிற்கிற பெரிய வேம்பைத் திடீரென்று வெட்டினால், அது குடித்துவந்த தண்ணீர் மண்ணிலேயே தங்கி மண் உப்பி, வேறு பக்கம் வெடிக்கலாம். கிளையைக் கழித்துவிடுங்கள், போதும். புதிதாக மரம் வைக்கும்போது அது எவ்வளவு உயரம் வளருமோ அவ்வளவு தூரமாவது சுவரிலிருந்து தள்ளி வையுங்கள்.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு

1985-ல் வந்த இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம் தொடங்கி, 2011-ல் பசுமை வீடு, 2016-ல் பிரதமர் வீடு, 2024-ல் கலைஞரின் கனவு இல்லம் என்று பல திட்டங்கள் வந்திருக்கின்றன. எந்தத் திட்டத்தில் கட்டினாலும், சொந்தப் பணத்தில் கட்டினாலும், வானம் தோண்டுகிற அன்று வீட்டுப் பெண் பக்கத்தில் நிற்க வேண்டும். டைல்ஸ் நிறம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மண்ணுக்குள் போவதைப் பிறகு பார்க்க முடியாது.

கரிசல் மேலோட்டமாக இருந்தால், அதைத் தாண்டிச் சுக்கான் அல்லது பாறை வரை தோண்டி அங்கிருந்து கட்டுங்கள். கரிசல் ஆழமாக இருந்தால் பொறியாளரைக் கேட்காமல் கட்டாதீர்கள். கரிசலில் ஏறக்குறைய மூன்றரை மீட்டர், அதாவது 11, 12 அடி ஆழம் வரை பருவத்துக்குப் பருவம் ஈரம் மாறும் என்கிறார்கள். அதற்காகவே அடியில் குமிழ் மாதிரி அகலப்படுத்திய கான்கிரீட் தூண்களை இறக்கி, அதன் மேல் பீம் போட்டு வீடு கட்டும் முறை இருக்கிறது. ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இதில் நிறைய வேலை செய்திருக்கிறது. பெரிய எந்திரம் இல்லாமல் கையால் துளை போடுகிற கருவியிலேயே இதைச் செய்ய முடியும்.

அவ்வளவு முடியாதவர்கள் இதையாவது செய்யுங்கள். அஸ்திவாரத்துக்கு அடியிலும் பக்கத்திலும் கரிசலை எடுத்துவிட்டு, சரளை கலந்த செவல் மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு, நனைத்து, திமிசு போட்டு இடியுங்கள். வெறும் மணலை மட்டும் கொட்டினால் அது தண்ணீரைத் தேக்கிக் கரிசலுக்கே ஊட்டிவிடும். பேஸ்மட்டம் நிரப்பத் தோண்டிய கரிசலையே உள்ளே தள்ளாதீர்கள். பிளிந்த் பீமும், வீட்டைச் சுற்றித் தொடர்ச்சியான லிண்டலும் போடச் சொல்லுங்கள். பானை வாயில் கயிறு கட்டின மாதிரி அது வீட்டைப் பிடித்துக்கொள்ளும்.

எப்போது பயப்பட வேண்டும்?

விரிசலில் பென்சில் நுழைந்தால், வெளியே இருக்கிற வெடிப்பு உள்சுவரிலும் அதே இடத்தில் தெரிந்தால், நேற்றுவரை மூடிய கதவு இன்று மூடாவிட்டால், தூக்குக்குண்டு போட்டுப் பார்க்கும்போது சுவர் சாய்ந்திருந்தால், தளத்திலிருந்து காரை பெயர்ந்து விழுந்தால் நோட்டுப் போட்டுக்கொண்டு உட்காராதீர்கள். அந்த அறையில் படுப்பதை நிறுத்துங்கள். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் பொறியாளர், ஓவர்சீயரிடம் எழுத்து மூலமாகக் கேளுங்கள். தனியாகப் போகத் தயங்கினால் குழுவாகப் போங்கள். மழைக்கு முன்னால் போங்கள். காய்ந்த மண்ணில் முதல் பெருமழை இறங்குகிற நேரம் பழுதான சுவருக்கு ஆபத்தான நேரம்.

நம்ம கூட்டமைப்புக்கு ஒரு யோசனை

இனி வீடு பராமரிப்புக் கடன் மனு வந்தால், தொகை எவ்வளவு என்பதற்கு முன்னால் நான்கு கேள்வி கேட்போம். விரிசல் எந்த இடத்தில், எந்த வாக்கில் இருக்கிறது? எந்த மாதத்தில் விரிகிறது? வீட்டுத் தண்ணீர் எங்கே விழுகிறது? பக்கத்தில் என்ன மரம் நிற்கிறது? பூச்சுக் கடனுக்குப் பதில் தண்ணீர்க் குழாய்க்கும் சுற்றுத்தளத்துக்கும் சிறிய கடன் கொடுத்தால் போதும் என்ற வீடுகள் நிறைய இருக்கும். இந்தக் கேள்விகளை மனுப் படிவத்தில் சேர்ப்பதாக இன்று தீர்மானம் போட்டால், அதைக் கையெழுத்துக்கு முன்னால் கேட்காமல் விட்ட முதல் ஆட்கள் என்ற முறையில் நாங்கள் மிகவும் சந்தோஷப்படுவோம்.

வீட்டுக்குப் போனதும் வேறு எதுவும் செய்ய வேண்டாம். ஒரு தடவை வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். தண்ணீர் விழுகிற இடம், வெயில் அடிக்கிற இடம், மரம் நிற்கிற இடம், வெடித்திருக்கிற இடம். நாலையும் ஒரு தாளில் படமாகப் போட்டு அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். வரையத் தெரியாதவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடங்கள்.

அந்த வீட்டு அம்மா இப்போது குழுவில் என்ன சொல்கிறார் தெரியுமா? "சுவரு வெடிச்சதுக்குக் காரணம் கண்டுபிடிச்சாச்சு. ஆனா அதுக்கு முன்னாடியே எங்க அண்ணனைத் தப்பாப் பேசிட்டோமே, அந்த வெடிப்பை எதை வச்சுப் பூசுறது?" என்று கேட்டார். காரணம் தெரியாத இடத்தில் பழி வந்து உட்கார்ந்துகொள்கிறது. அது யார் வீட்டிலும் நடக்க வேண்டாம்.